உருவமும் குரலும்: ராபி கோல்ட்ரேனின் நடிப்பு வாழ்வும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியும் (1978–2020)

1983இல் வெளிவந்த ‘க்ரல்’ என்னும் சாகசக் கற்பனைப் படத்தில், நாயகனோடு சேரும் கொள்ளைக் கூட்டத்தில் ரூன் என்றொரு பாத்திரம் உண்டு. திரையில் தெரியும் அந்தப் பருத்த, உயர்ந்த மனிதர் ராபி கோல்ட்ரேன். ஆனால் ரூன் வாய் திறக்கும்போது கேட்கும் குரல் அவருடையதன்று. மைக்கேல் எல்ஃபிக் என்ற ஆங்கிலேய நடிகரைக் கொண்டு பின்னணி பேச வைத்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வயது நடிகரிடமிருந்து அந்தப் படத்துக்கு வேண்டியிருந்தது அவருடைய தோளும் வயிறும் மட்டுமே.

பத்தாண்டுகள் கழித்து, 1993இல், ‘கிராக்கர்’ தொடரின் விசாரணை அறைகளில் அதே நடிகர் உட்கார்ந்து பேசுகிறார். அவர் பேசுவதும் பிறர் பேசக் கேட்பதும்தான் நாடகமே. துப்பாக்கியோ துரத்தலோ தேவைப்படாமல், ஒரு மேசைக்கு இருபுறமும் இரண்டு பேரை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பார்வையாளர்களை அசையவிடாமல் வைத்திருந்த தொடர் அது. அந்த நடிப்புக்காக 1994, 1995, 1996 என மூன்றாண்டுகள் தொடர்ந்து சிறந்த தொலைக்காட்சி நடிகருக்கான பாஃப்டா விருதை அவர் பெற்றார்.

இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் நடந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு நடிகர் படிப்படியாக முதிர்ந்தார் என்று சொல்லிவிட்டால் விடை பாதிதான் கிடைக்கும். கோல்ட்ரேனின் திறமை தொடக்கத்திலிருந்தே முழுமையாக இருந்தது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மாறியது, அதற்கு இடம் கொடுத்த நிறுவனங்கள். பிபிசி ஸ்காட்லாந்து, சேனல் 4, மான்செஸ்டரின் கிரானடா ஆகிய மூன்றும் 1980களிலும் 90களிலும் எழுத்தாளர்களை நம்பி நடத்திய நாடகங்கள்தாம் அவரை உருவாக்கின. திரைப்படம் பெரும்பாலும் அவருடைய உருவத்தை விலைக்கு வாங்கியது. தொலைக்காட்சிதான் அவருடைய குரலுக்கும் அறிவுக்கும் வேலை கொடுத்தது. தமிழ் வாசகர்களுக்கு அவர் ‘ஹாரி பாட்டர்’ படங்களின் ஹாக்ரிட்டாகவே அறிமுகம் என்பதால், இந்தப் பின்னணியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பிறப்பும் பேச்சும்

இயற்பெயர் ஆன்டனி ராபர்ட் மக்மில்லன். 1950 மார்ச் 30 அன்று, கிளாஸ்கோவை ஒட்டிய ரூதர்க்ளெனில் பிறந்தார். தந்தை மருத்துவர், காவல்துறைக்குத் தடயவியல் மருத்துவராகவும் பணிபுரிந்தவர். தாய் ஆசிரியை, பியானோ வாசிப்பவர். வசதியான, படித்த, கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். பையனைப் பெர்த்ஷயரிலுள்ள க்ளெனால்மண்ட் என்ற உயர்குடி விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ரக்பி ஆடினார், விவாத மன்றத்தில் பேசினார், ஓவியத்தில் பரிசு வாங்கினார். ஆனால் மூத்த மாணவர்கள் இளையவர்களை அடித்துத் திருத்தும் அந்தப் பள்ளியின் வழக்கத்தைக் கடைசிவரை அவர் மன்னிக்கவில்லை. பிற்காலப் பேட்டிகளிலும் அதை வெறுப்போடுதான் குறிப்பிட்டார்.

பிறகு கிளாஸ்கோ கலைப் பள்ளி. இங்கேதான் நம் ஆய்வுக்கு முக்கியமான ஒரு செய்தி கிடைக்கிறது. க்ளெனால்மண்டில் படிந்த மேட்டுக்குடி உச்சரிப்போடு வந்து சேர்ந்த அவரை, உழைக்கும் வர்க்கத்து மாணவர்கள் இளவரசர் சார்லஸைப் போலப் பேசுகிறான் என்று கேலி செய்தார்கள். பிற்காலத்தில் நாம் கேட்கும் அந்தக் கனத்த கிளாஸ்கோ குரல், பிறப்போடு அப்படியே ஒட்டிவந்த சொத்து அல்ல. ஊரில் பிறந்து, பள்ளியில் இழந்து, மறுபடி ஊரில் மீட்டுக்கொண்ட குரல். எந்தச் சபையில் எந்தப் பேச்சு செல்லும், எது அடிவாங்கும் என்பதை இருபது வயதுக்குள் அனுபவித்துக் கற்றவர் அவர். வேறு எந்த நடிப்புப் பள்ளியும் இதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்பது என் கருத்து. இடதுசாரிச் சார்பும் அந்த ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது.

ஓவியராக வரும் எண்ணம் கைகூடவில்லை. நடிப்புக்குத் திரும்பியபோது, ஜாஸ் இசையின் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் நினைவாகப் பெயரை மாற்றிக்கொண்டார். 1978இல் எடின்பரோவின் டிராவர்ஸ் அரங்கில் ஜான் பர்ன் எழுதிய ‘தி ஸ்லாப் பாய்ஸ்’ நாடகம் அரங்கேறியபோது அதில் நடித்தார். பெய்ஸ்லியில் பிறந்த பர்ன், இளமையில் கம்பளத் தொழிற்சாலை ஒன்றில் சாயம் அரைக்கும் வேலை பார்த்தவர். 1957ஆம் ஆண்டின் அந்தச் சாய அறையையே மேடைக்குக் கொண்டுவந்தார். தொழிலாளிப் பையன்களின் வாய்ச்சண்டை, எகத்தாளம், சினிமாப் பைத்தியம் எல்லாம் அவர்களுடைய பேச்சிலேயே மேடையேறின.

அதுவரை பிரிட்டிஷ் திரையிலும் மேடையிலும் ஸ்காட்லாந்துப் பேச்சுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்களை நினைத்துப் பார்த்தால்தான் இதன் புதுமை விளங்கும். ஹாரி லாடர் காலத்து இசைக் கூடங்களில் அது கில்ட் உடுத்திய வேடிக்கைக்காரரின் குரல். ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரில் ஜான் லாரி நடித்த ஃப்ரேசரிடம் அது எப்போதும் அழிவையே முன்னுரைக்கும் கிழவரின் குரல். ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ தொடரில் கார்டன் ஜாக்சன் நடித்த ஹட்சனிடம் அது எஜமானருக்கு அடங்கிய தலைமைப் பணியாளரின் குரல். 1962இல் ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாக வந்து நாயகனுக்கும் அந்தப் பேச்சு பொருந்தும் என்று நிரூபித்தார். ஆனால் கானரி ஒருவர்தான். அவருக்கு வாய்த்ததோ ஒரு விளையாட்டு வீரரின் உடல். கோல்ட்ரேனுக்கு அதுவும் இல்லை.

சிரிப்பின் காலம்

திரைப்படம் அவருக்கு முதலில் கொடுத்தவை துண்டு வேடங்கள். பெர்த்ரான் தவெர்னியே கிளாஸ்கோவில் எடுத்த ‘டெத் வாட்ச்’, ‘ஃப்ளாஷ் கார்டன்’ இரண்டிலும், இரண்டுமே 1980இல் வந்தவை, கண்ணிமைத்தால் தவறவிட்டுவிடக்கூடிய நேரமே வருகிறார்.

1982 நவம்பர் 2 அன்று பிரிட்டனின் நான்காவது அலைவரிசையான சேனல் 4 ஒளிபரப்பைத் தொடங்கியது. சொந்தமாக நிகழ்ச்சிகளைத் தயாரிக்காமல் வெளியாரிடமிருந்து வாங்கி ஒளிபரப்பும் நிறுவனமாகவே சட்டம் அதை வடிவமைத்திருந்தது. பிற அலைவரிசைகள் தொடத் தயங்கியதைச் செய்ய வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட கடமை. முதல் நாள் இரவிலேயே ‘ஃபைவ் கோ மேட் இன் டோர்செட்’ என்ற நகைச்சுவைப் படம் ஒளிபரப்பானது. எனிட் பிளைட்டனின் சிறுவர் கதைகளைப் பகடி செய்த அதில் கோல்ட்ரேனும் இருந்தார். அதைத் தயாரித்த ‘காமிக் ஸ்ட்ரிப்’ குழுவோடு பத்தாண்டுக்கு மேல் அவருக்குத் தொடர்பு நீடித்தது. கிரானடாவின் ‘ஆல்ஃப்ரெஸ்கோ’வில் எம்மா தாம்சன், ஸ்டீபன் ஃப்ரை, ஹியூ லாரி ஆகியோர் சகாக்கள். கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் கிளாஸ்கோ கலைப் பள்ளிக்காரர் ஒருவர். பிபிசி ஸ்காட்லாந்தில் மேசன் பாய்ன் என்ற மதவெறியரை அவர் நகைச்சுவைத் துணுக்குகளில் நடித்துக்காட்டினார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்று பிளவுபட்ட கிளாஸ்கோவில் அது விளையாட்டல்ல. உள்ளூர்ப் புண்ணைத் தொட்டுப் பேசிய துணிச்சல்.

இந்தக் காலத்தில் ஒரு காட்சியைச் சுட்டிக்காட்ட வேண்டும். 1985இன் ‘தி சூப்பர்கிராஸ்’ படத்தில் புயலடிக்கும் கடலின் அலைதடுப்புச் சுவர்மேல் அவர் நடந்துபோகிறார். அலைகள் சுவரைத் தாண்டி அடிக்கின்றன. பின்னணியில் பாடல் ஒன்று முழங்குகிறது. மனிதர் தலையைத் திருப்புவதுகூட இல்லை. கதைக்கு அந்த நடை அவசியமே இல்லை. பருமனான உடலைச் சிரிப்புக்குரியதாக மட்டும் காட்டும் மரபில், கனத்த உடலுக்குள்ள கம்பீரத்தை ஒருவர் கண்டுகொண்ட தருணம் அது.

1986இல் நீல் ஜார்டனின் ‘மோனா லிசா’வில் பாப் ஹாஸ்கின்ஸின் நண்பனாகவும், டெரெக் ஜார்மனின் ‘கரவாஜியோ’வில் கர்தினால் போர்கேஸேயாகவும் நடித்தார். மறு ஆண்டு ‘பிளாக்ஆடர்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் டாக்டர் சாமுவேல் ஜான்சன். ஆங்கில அகராதியை எழுதி முடித்த பெருமிதத்தோடு வரும் ஜான்சனிடம், அகராதியில் இல்லாத சொற்களை ஒவ்வொன்றாக இட்டுக்கட்டிச் சொல்லி, ரோவன் அட்கின்சன் அவரைக் கலங்கடிக்கும் காட்சி இன்றும் பார்க்கத் தகுந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களை நக்கலடிப்பதில் பேர்போன ஜான்சனை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் நடித்தார். ஒருமுறையோடு விடவுமில்லை. ஜான்சன் 1773இல் மேற்குத் தீவுகளுக்குச் சென்ற பயணத்தை 1993இல் ஜான் பர்ன் பிபிசிக்காகத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோதும் அவரே ஜான்சன். ஜான் செஷன்ஸ் பாஸ்வெல்.

‘துட்டி ஃப்ருட்டி’: முதல் திருப்பம்

1987இல் பிபிசி ஸ்காட்லாந்து தயாரித்த ‘துட்டி ஃப்ருட்டி’ ஆறு பகுதிகள் கொண்ட தொடர். எழுதியவர் அதே ஜான் பர்ன். மஜெஸ்டிக்ஸ் என்ற வயதான ராக் இசைக் குழு தன் வெள்ளி விழாச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பும் நேரத்தில், முதன்மைப் பாடகர் பிக் ஜாஸா கார் விபத்தில் இறந்துபோகிறார். இறுதிச் சடங்குக்காக நியூயார்க்கிலிருந்து வரும் தம்பி டேனி, உருவத்தில் அண்ணனை அப்படியே ஒத்திருப்பதால், அவனையே பாட வைக்கிறார்கள். அண்ணன், தம்பி இருவருமே கோல்ட்ரேன். டேனியின் பழைய கலைப் பள்ளித் தோழி சூசி கெட்டில்ஸாக எம்மா தாம்சன். கஞ்சத்தனமும் தந்திரமும் நிறைந்த மேலாளராக ரிச்சர்ட் வில்சன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இசைக் குழு நகைச்சுவை. ஆனால் பகுதிக்குப் பகுதி தொடர் இருண்டுகொண்டே போகிறது. ஆண்களின் வீறாப்பு, மனைவியை அடிக்கும் கணவர்கள், வயதாவதை ஒப்புக்கொள்ள மறுக்கும் நாயகப் பாவனை ஆகியவற்றைப் பர்ன் ஒன்றுவிடாமல் தோலுரிக்கிறார். கிட்டார் கலைஞர் வின்சென்ட் கடைசி நிகழ்ச்சியில் மேடையிலேயே தன் உடலில் தீ வைத்துக்கொள்வதோடு கதை முடிகிறது. இந்தச் சரிவுக்கு நடுவே கோல்ட்ரேனின் டேனி காதலிப்பவனாக இருக்கிறான் என்பதுதான் முக்கியம். பருத்த ஆள் காதலித்தால் அதைச் சிரிப்பாக்குவதே வழக்கம். டேனியோ சூசியிடம் வாய்ச்சாலகம் காட்டுகிறான், தோற்கிறான், பொறுமையாக இருக்கக் கற்றுக்கொள்கிறான். அவன் ஆசையைக் கண்டு பார்வையாளர் நகைக்க எழுத்திலும் இடமில்லை, நடிப்பிலும் இடமில்லை.

லண்டனில் இதைத் தயாரித்திருந்தால் இப்படி அமைந்திருக்குமா என்பது ஐயமே. பெய்ஸ்லி எழுத்தாளர், கிளாஸ்கோவின் பிபிசி நாடகப் பிரிவு, உள்ளூர்ப் பேச்சை விளக்கவுரை இல்லாமல் நாடு முழுவதும் ஒளிபரப்பும் துணிவு, இவ்வளவும் ஒன்றுகூட வேண்டியிருந்தது. 1988இல் பாஃப்டா விருதுகள் பலவற்றை அது அள்ளியது. ஆனால் பிறகு நடந்தது வருத்தத்துக்குரியது. தொடர் முழுவதும் பழைய ராக் பாடல்கள் நிறைந்திருந்ததால் இசை உரிமைச் சிக்கல் எழுந்து, இருபதாண்டுக்கு மேல் அது மக்கள் கைக்கு எட்டாமல் போனது. 2009இல்தான் டிவிடியாக வந்தது. கோல்ட்ரேனின் மிகச் சிறந்த இரண்டு மூன்று வேலைகளில் ஒன்றைப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை அவரை மதிப்பிட்டிருக்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் திரைப்படம் மறுபடி பழைய பாதைக்கே அவரை இழுத்தது. கென்னத் பிரானாவின் ‘ஹென்றி V’ படத்தில் (1989) ஃபால்ஸ்டாஃபாகச் சில நிமிடங்கள் வருகிறார். அந்தச் சில நிமிடங்கள் மனத்தில் நிற்கும். ‘நன்ஸ் ஆன் தி ரன்’ படத்தில் (1990) கன்னியாஸ்திரீ உடையில் ஒளியும் திருடன். 1991இன் ‘தி போப் மஸ்ட் டை’ படத்தில் தவறுதலாகப் போப்பாகிவிடும் பாதிரியார். அமெரிக்காவில் அந்தத் தலைப்புக்கு எதிர்ப்பு வரவே, கடைசிச் சொல்லில் ஓர் எழுத்தைக் கூட்டி, போப் உணவுக் கட்டுப்பாடு செய்ய வேண்டும் என்ற பொருள் வரும்படி மாற்றிவிட்டார்கள். விளம்பரத்துக்குப் படத்தின் கதைகூட வேண்டாம், நடிகரின் இடுப்பளவு போதும் என்று ஒரு தொழில்துறையே தீர்மானித்தது. 1990இல் தாரியோ ஃபோவின் ‘மிஸ்தெரோ பூஃபோ’வைத் தனியாளாக மேடையில் நடித்துக் காட்டியவருக்கு நேர்ந்தது இது.

‘கிராக்கர்’

1990ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டத்தால் ஐடிவி வலையமைப்பின் வட்டார உரிமங்கள் 1991இல் ஏலத்துக்கு வந்தன. கிரானடா தன் உரிமத்தைத் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் வணிக நெருக்கடி அதிகமானது. அதன் நெடுநாள் தலைவர்களில் ஒருவரான டேவிட் பிளோரைட் 1992இல் வெளியேற நேர்ந்தது. இனி ஐடிவியில் தரமான நாடகம் பிழைக்குமா என்ற கவலை பரவியிருந்த காலம். எனினும் 1991இல் கிரானடாவே தயாரித்து, ஹெலன் மிரன் நடித்த ‘பிரைம் சஸ்பெக்ட்’ ஒரு வழியைக் காட்டியிருந்தது. துப்பறியும் கதை என்ற வடிவத்தைக் கொடுத்தால் விளம்பரதாரரும் மக்களும் வருவார்கள். அந்த வடிவத்துக்குள் எழுத்தாளர் தான் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வாசல் வழியாக நுழைந்தவர் லிவர்பூல்காரர் ஜிம்மி மெக்கவர்ன். அவர் உருவாக்கிய எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், சுருக்கமாக ஃபிட்ஸ், உளவியல் அறிஞர். மான்செஸ்டர் காவல்துறைக்குக் குற்றவாளிகளின் மனத்தைப் படித்துச் சொல்பவர். தன் சொந்த மனத்தை மட்டும் படிக்க மறுப்பவர். குடி, சூதாட்டம், விடாத சிகரெட், உடையும் குடும்பம். மெக்கவர்ன் மனத்தில் இருந்தது ஜான் கஸவெட்டிஸ் போன்ற ஒல்லியான, நரம்பு புடைத்த ஆள். அந்த வேடம் முதலில் ராபர்ட் லிண்ட்சேயிடம் போய், அவர் மறுத்த பிறகே கோல்ட்ரேனிடம் வந்தது. எழுதியவரே எதிர்பாராத உடல் அந்தப் பாத்திரத்துக்குள் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தபின் வேறொரு ஃபிட்ஸை யாராலும் கற்பனை செய்ய முடியவில்லை. 1997இல் அமெரிக்காவில் இதே தொடரை வேறு நடிகரைக் கொண்டு எடுத்தார்கள், நிலைக்கவில்லை.

முதல் கதை 1993 செப்டம்பர் 27 அன்று ஒளிபரப்பானது. இயக்கியவர் மைக்கேல் வின்டர்பாட்டம். ஃபிட்ஸ் விரிவுரை மண்டபத்தில் நிற்கிறார். மேசையில் தத்துவ நூல்கள். ஸ்பினோசா, டேகார்ட், ஹாப்ஸ் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு நூலாக மாணவர்கள் மேல் வீசி எறிகிறார். பிறகு, உங்களுக்குள் இருப்பதைப் போய்ப் படியுங்கள் என்கிற பொருளில் பேசி முடிக்கிறார். ஒரு கதாபாத்திரத்தை அறிமுகம் செய்ய இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. அறிவும் ஆணவமும் நாடகத்தனமும், அவற்றுக்கு அடியில் சுயவெறுப்பும் ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன. நூல்களை வீசும் அந்தக் கை நகைச்சுவை நடிகரின் கை. எந்த நொடியில் எறிய வேண்டும், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற கணக்கு காமிக் ஸ்ட்ரிப் ஆண்டுகளில் பழகியது.

தொடரின் உச்சம் 1994 இலையுதிர் காலத்தில் வந்த ‘டு பி எ சம்பாடி’. ஆல்பி என்ற லிவர்பூல் தொழிலாளியாக ராபர்ட் கார்லைல். தந்தையை இழந்த துக்கத்தில் இருக்கும் அவன், கடையில் நான்கு பென்ஸ் குறைவாக இருந்ததற்காக விட்டுக்கொடுக்காத ஆசியக் கடைக்காரரைக் கொன்றுவிடுகிறான். கொலைக் களத்தில் அவன் விட்டுச்செல்வது ஓர் எண்: 9615489. அது எந்தக் கணக்கு என்று ஃபிட்ஸ் கண்டுபிடிக்கிறார். 96 பேர், 15-4-89. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூல்–நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அரையிறுதி ஆட்டத்தன்று நெரிசலில் மாண்டவர்களின் எண்ணிக்கையும் தேதியும். பின்னாளில் அந்த எண்ணிக்கை 97 ஆனது.

இந்த நாடகம் ஒளிபரப்பான ஆண்டை மறக்கக் கூடாது. ரசிகர்களின் குடியும் ரகளையும்தான் காரணம் என்று ‘சன்’ நாளிதழ் பரப்பிய பொய் அப்போது நாட்டின் பெரும்பகுதியில் நம்பப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சாவுகள் சட்டவிரோதக் கொலை என்று மரண விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது 2016இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பே, விளம்பரங்களோடு ஓடும் ஒரு வணிக அலைவரிசையின் முதன்மை நேரத்தில், உழைக்கும் வர்க்கத்தின் மேல் ஏவப்பட்ட அவதூறு ஒரு மனிதனை என்ன செய்யும் என்று மெக்கவர்ன் பேசினார். கொலையாளியை அவர் நியாயப்படுத்தவில்லை. கார்லைலின் ஆல்பி காவல் அதிகாரி பில்பரோவையும் கொல்கிறான். கிறிஸ்டஃபர் எக்கிள்ஸ்டன் நடித்த அந்த மரணக் காட்சி பார்ப்பதற்குக் கொடுமையானது. ஆனால் விசாரணை அறையில் ஃபிட்ஸும் ஆல்பியும் எதிரெதிரே உட்காரும்போது, இருவரும் ஒரே ஆத்திரத்தின் இரண்டு கிளைகள் என்பதைக் கோல்ட்ரேன் மறைக்கவில்லை.

அந்த அறைக் காட்சிகளில் அவருடைய நடிப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். உடல் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அது நாற்காலியை நிறைத்து அப்படியே இருக்கிறது. குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. சந்தேகத்துக்குரியவர் கத்தக் கத்த ஃபிட்ஸ் மெதுவாகப் பேசுகிறார். ஒரு கட்டத்தில் எதிரில் இருப்பவர் அதைக் கேட்பதற்காகவே முன்னால் சாய வேண்டியிருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் அந்தச் சாய்விலிருந்துதான் தொடங்குகிறது. மான்செஸ்டர் காவலர்கள், லிவர்பூல் குற்றவாளி, நடுவில் கிளாஸ்கோ பேச்சு. எந்தப் பக்கத்தையும் சேராத இந்த வெளியூர்த்தன்மை ஃபிட்ஸுக்குப் பெரிய துணை. தடயவியல் மருத்துவரின் மகன் காவல்துறையோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் இந்த வேடத்தை இயல்பாக ஏற்றதில் வியப்பில்லை.

1995 வரை மூன்று பருவங்கள். பிற்பகுதிக் கதைகள் சிலவற்றைப் பால் ஆபட் எழுதினார். 1996இல் ஹாங்காங்கில் ஒரு கதை, 2006இல் மெக்கவர்னே திரும்பிவந்து எழுதிய ஒரு கதை. முதல் இரண்டு பருவங்களின் வீரியம் பிறகு குறைந்தது என்பதை மறுக்க முடியாது. மூன்றாண்டு தொடர்ந்து சிறந்த நடிகர் பாஃப்டா பெற்ற பெருமையை அவருக்குப் பின் பகிர்ந்துகொண்டவர் மைக்கேல் கேம்பன். பிறகு இருவரும் ‘ஹாரி பாட்டர்’ படங்களின் ஹாக்வர்ட்ஸ் பள்ளியில் சந்தித்தார்கள். ‘கிராக்க’ரில் ஃபிட்ஸுடன் பணிபுரியும் காவல் அதிகாரி பென்ஹாலிகனாக நடித்த ஜெரால்டைன் சோமர்வில், ஹாரி பாட்டரின் தாய் லில்லியானார்.

லீவ்ஸ்டன்

ஹார்ட்ஃபர்ட்ஷயரிலுள்ள லீவ்ஸ்டன் ஒரு காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் விமான இயந்திரங்கள் செய்த தொழிற்சாலை. 1995இன் ‘கோல்டன்ஐ’ ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அதைப் படப்பிடிப்பு நிலையமாக மாற்றினார்கள். அந்தப் படத்தில் முன்னாள் கேஜிபி அதிகாரி ஜுகோவ்ஸ்கியாகக் கோல்ட்ரேன் நடித்தார். 1999இல் ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’ படத்தில் அதே பாத்திரம் திரும்பிவந்து உயிரை விடுகிறது. அதே லீவ்ஸ்டனுக்கு, அடுத்த பத்தாண்டு முழுவதும், ‘ஹாரி பாட்டர்’ படங்களுக்காக அவர் போய்வர நேர்ந்தது.

ஹாக்ரிட் வேடத்துக்கு எழுத்தாளர் ஜே. கே. ரோலிங் முதலில் சொன்ன பெயரே கோல்ட்ரேன். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள். பாதி அரக்க இரத்தம் கொண்ட ஹாக்ரிட்டை மனிதர்களைவிடப் பெரிதாகக் காட்ட, ஒரே இடத்தைப் பெரிய அளவிலும் சிறிய அளவிலும் இரண்டு தளங்களாகக் கட்டினார்கள். தூரக் காட்சிகளில் ஹாக்ரிட்டின் உடையை அணிந்து நடந்தவர் மார்ட்டின் பேஃபீல்ட், ஆறடி பத்து அங்குல உயரமுள்ள முன்னாள் இங்கிலாந்து ரக்பி வீரர். நெருக்கக் காட்சிகளில் மட்டுமே கோல்ட்ரேன். ‘க்ரல்’ படத்தில் உடல் அவருடையது, குரல் வேறொருவருடையது. இங்கே உடலை வேறொருவர் சுமக்க, முகமும் குரலும் அவருடையவை. அந்தக் குரலிலும் கிளாஸ்கோ இல்லை; இங்கிலாந்தின் தென்மேற்கு நாட்டுப்புறப் பேச்சு. மேற்குப் பகுதியில் தான் கண்ட, மோட்டார் சைக்கிளில் திரியும் முரட்டு ஆள் ஒருவர் தோட்டத்துச் செடிகளைப் பற்றி உருகிப் பேசியதே மாதிரி என்று ரோலிங் சொன்னதைக் கோல்ட்ரேன் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆகவே ஹாக்ரிட்டை வெறும் உருவத்தின் வெற்றி என்று ஒதுக்குவது தவறு. மயிர்க்காட்டுக்கு நடுவே தெரிவது இரண்டு கண்கள் மட்டும்தான். குழந்தைகளிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டுத் திகைப்பதும், டிராகன் குட்டியைப் பிரிய முடியாமல் அழுவதும் அந்தக் கண்களாலும் குரலாலும் நிகழ்கின்றன. அதே சமயம், ஐம்பதிலிருந்து அறுபது வயது வரை ஒரு நடிகரின் மிக வளமான பத்தாண்டில் ஒரு பெரும் பகுதி அந்தத் தாடிக்குள் போனது என்பதும் உண்மை. இடையே ‘ஃப்ரம் ஹெல்’ (2001) போன்ற படங்கள் வந்தன; எதுவும் ஃபிட்ஸ் அளவுக்கு அவரிடம் கேட்கவில்லை.

கடைசிப் பெரிய வேடம்

2016இல் சேனல் 4 ஒளிபரப்பிய ‘நேஷனல் ட்ரெஷர்’ நான்கு பகுதிகள். எழுதியவர் ஜாக் தோர்ன், இயக்கியவர் மார்க் மண்டன். நாடே கொண்டாடும் வயதான நகைச்சுவை நடிகர் பால் ஃபின்ச்லி மீது, பல ஆண்டுகளுக்கு முன் நடந்த பாலியல் வன்முறைக்கான குற்றச்சாட்டு எழுகிறது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி சாவில் இறந்தபின் அவருடைய கொடுமைகள் வெளிவந்து, ‘யூட்ரீ’ என்ற பெயரில் காவல்துறை விசாரணை நடந்து, பழைய தொலைக்காட்சி முகங்கள் பல நீதிமன்றம் ஏறிய ஆண்டுகள் அவை. ஃபின்ச்லியின் மனைவியாக ஜூலி வால்டர்ஸ், மனம் உடைந்த மகளாக ஆண்ட்ரியா ரைஸ்பரோ.

இந்த வேடத்துக்குக் கோல்ட்ரேனைத் தேர்ந்ததில் ஆழமான கணக்கு இருக்கிறது. பார்வையாளர் அவரை முப்பதாண்டுகளாக நேசித்தவர்கள். அவர்களில் இளையவர்கள் ஹாக்ரிட்டின் மடியில் வளர்ந்தவர்கள். அந்த நேசத்தையே தொடர் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. இவரா செய்திருப்பார் என்று நாம் தயங்கும் ஒவ்வொரு முறையும், புகழ்பெற்றவரைக் காக்கும் அந்தத் தயக்கத்தில் நாமும் பங்காளிகள் ஆகிறோம். கோல்ட்ரேன் இரக்கத்தை யாசிக்கவுமில்லை, வில்லத்தனத்தைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. மூட்டு நோயால் நடக்கவே சிரமப்பட்ட உண்மையான உடல் அந்தக் காட்சிகளில் இருக்கிறது. அது ஒரு நிமிடம் பரிதாபமாகவும், அடுத்த நிமிடம் சிறிய பெண்ணொருத்தியைச் சுவரோடு அழுத்தியிருக்கக்கூடிய பாரமாகவும் தெரிகிறது. ஃபிட்ஸ் பிறரை ஒப்புக்கொள்ள வைக்கப் பயன்படுத்திய அந்தத் தாழ்ந்த குரலை, இங்கே ஒரு மனிதர் எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கப் பயன்படுத்துகிறார். பருமனான நடிகரின் உடல் சிரிப்புக்கு மட்டுமே என்ற மரபுக்கு ‘துட்டி ஃப்ருட்டி’ காதலைக் கொண்டு பதில் சொன்னது. ‘நேஷனல் ட்ரெஷர்’ அச்சத்தைக் கொண்டு சொன்னது. சிறந்த குறுந்தொடருக்கான பாஃப்டா கிடைத்தது. சிறந்த நடிகர் பட்டியலில் அவர் பெயர் நான்கில் ஒன்றாக இருந்தது, விருது வேறொருவருக்குப் போனது.

அதற்குப் பின் உடல்நலம் அதிகம் அனுமதிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே சக்கர நாற்காலியில்தான் பொது நிகழ்ச்சிகளுக்கு வந்தார். 2020இல் ஸ்கை ஆர்ட்ஸ் அலைவரிசையின் ‘அர்பன் மித்ஸ்’ தொடரில், நார்விச் நகருக்கு வந்திறங்கும் ஆர்சன் வெல்ஸாக நடித்தார். 2022 தொடக்கத்தில் வெளியான ஹாரி பாட்டர் நினைவு நிகழ்ச்சியில் பேசினார். அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று, லார்பர்ட்டிலுள்ள ஃபோர்த் வேலி ராயல் மருத்துவமனையில், 72 வயதில் காலமானார்.